கள்ளிக்கு ஒரு குடை

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். பாலைவனத்தை ஒரே வகுப்பில் முடித்துவிடுவேன். மழை குறைவு, முட்செடிகள், அவ்வளவுதான்.

அப்போது பக்கத்துப் போர்ஷனுக்கு விமானப்படைக்காரர் ஒருவரின் மனைவி ஜெய்சல்மேரிலிருந்து வந்தாள். தாய்வீட்டு வாசலில் ஒடித்துக் கொண்டுவந்த கள்ளிக் கிளையை எங்கள் இருவருக்கும் பொதுவான முற்றத்தில் நட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், தான் நனைந்தபடி அதற்குக் குடை பிடித்து நின்றாள். பால்காரர் சிரித்தார்.

"இன்னாம்மா, கள்ளிக்குப் போயி கொடையா? வேலியாண்ட எம்மாம் கீது பாரு."

"அது இந்த ஊர்க் கள்ளி," என்றாள், புதிதாகக் கற்ற தமிழில். "இது இவ்ளோ மழை பாத்ததில்லே."

எனக்கு எரிச்சலாக வந்தது. "மண்ணே ஊறிப்போச்சு, குடை என்ன செய்யும்? உள்ள வாம்மா," என்றேன். அவள் அசையவில்லை.

செடி எப்படியோ பிழைத்து வேர்விட்டது. மறு வருஷம் அவர்களுக்கு மாற்றல் வந்தபோது, அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. குடையை என் கையில் கொடுத்துவிட்டு ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டாள்.

அந்த ஐப்பசியில், முற்றத்தில் நனைந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்துப் பால்காரர் சிரித்தார்.