வலதுபக்கப் பின்கதவு

அத்தை வாங்கிய காருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் ‘பொம்பள வண்டி’. யாரோ ஒரு டாக்டர் எட்டு வருடம் ஓட்டிவிட்டு விற்ற பழைய வண்டிதான். சிவப்பு வெளுத்துப்போய் சில இடங்களில் ரோஜா நிறமாகவும் சில இடங்களில் செங்கல் நிறமாகவும் இருந்தது. அது வாசலில் வந்து நின்ற அன்று பக்கத்து வீடுகளில் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும், ஓட்டப்போவது யார் என்று அப்பாவிடம் கேட்டார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணமாகி ஒரே வருடத்தில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். ஏன் வந்தாள் என்பது எங்கள் வீட்டில் பேசப்படாத விஷயம். செய்யாறில் ஒரு செருப்புக் கம்பெனியில், தைத்து வரும் செருப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. விடிவதற்கு முன்பே தெருமுனையில் நின்று கம்பெனி பஸ் ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டப் பழகி, லைசென்ஸும் வாங்கி, அதற்கப்புறம்தான் வீட்டில் சொன்னாள். அப்பா பட்டுச்சேலை வியாபாரம் செய்தார். சுற்றியுள்ள ஊர்களில் வீட்டில் தறி வைத்திருப்பவர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குவார். அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும், கார் ஓட்டத் தெரியாது. அந்த வண்டி அவருக்குப் பிடிக்காததற்கு இது ஒரு காரணம் என்று நான் அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

வண்டி வந்து ஒரு மாதம் கழித்து, மகாபலிபுரம் போய்க் கடல் பார்த்துவிட்டு வரலாம் என்றாள் அத்தை. அம்மா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. நான், ஐந்து வயதுத் தம்பி, அம்மா, அத்தை ஆகிய நான்கு பேர் போவதாக ஏற்பாடு. அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. விளக்கு வைப்பதற்குள் வந்துவிட வேண்டும், வண்டியில் ஒரு கீறல் விழக் கூடாது என்றார். கிளம்பும்போது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

“நீதான் வெவரமான பொண்ணு. அத்தை எப்படி ஓட்டறான்னு பாத்துகினு வந்து எனக்குச் சொல்லு.”

எனக்கு அப்போது பத்து வயது. அப்படி ஒரு பொறுப்பை அதற்கு முன் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அத்தைக்குப் பின்னால், வலதுபக்க ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து ஸ்டியரிங் நன்றாகத் தெரியும்.

ஏறியதும் அத்தை ஒரு சட்டம் போட்டாள். எங்கே நின்றாலும் அவள் இறங்கி வந்து திறக்கிற வரைக்கும் யாரும் கதவைத் தொடக் கூடாது. அந்த வண்டியில் குழந்தைகள் திறக்க முடியாதபடி பூட்டுகிற வசதி பழுதாகியிருந்தது. அன்று எத்தனை இடத்தில் நின்றோமோ அத்தனை முறையும் அவளே இறங்கி, பின்னால் திரும்பிப் பார்த்து, சுற்றி வந்து, இடதுபக்கக் கதவைத்தான் திறந்துவிட்டாள்.

பஸ்ஸில் போனால் பஸ் நிற்கிற இடத்தில்தான் இறங்க முடியும். அன்று நாங்கள் நினைத்த இடத்திலெல்லாம் நின்றோம். ஏரியில் நாரைகளைப் பார்த்துத் தம்பி கத்தினால் நின்றோம். வெள்ளரிப்பிஞ்சு விற்ற ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுப்பதற்காகவே ஒருமுறை நின்றோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, முன்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கியர் மேல் கை வைத்துப் பார்க்கும்படி அத்தை சொல்ல, வைத்துவிட்டுச் சூடுபட்டவள் மாதிரி எடுத்துக்கொண்டாள்.

காஞ்சிபுரத்துக்குள் வழி தவறி, ஒருவழிப்பாதையில் எதிர்ப்புறமாக நுழைந்துவிட்டோம். முன்னாலும் பின்னாலும் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “வூட்ல இட்லி சுடறத வுட்டுட்டு இன்னாத்துக்கும்மா ரோட்டுக்கு வர்றீங்க, ஒரே பேஜார்” என்றார்.

அத்தை கண்ணாடியை இறக்கி, “சுட்டு எடுத்துகினுதாங்க வந்துகீறோம். ரெண்டு தரட்டுங்களா?” என்றாள்.

இட்லித் தூக்கு அம்மாவின் மடியில்தான் இருந்தது. ஆட்டோக்காரரே சிரித்துவிட்டார். தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்து எங்களுக்கு வழிவிட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் தூக்கின் மூடி கழன்று கீழே விழுந்தது. நான் சிரிக்கவில்லை. அத்தை ஒருவழிப்பாதையில் நுழைந்ததை அப்பாவிடம் சொல்வதற்காக மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

கடலில் அம்மா முழங்கால் அளவுத் தண்ணீரில் போய் நின்றவள்தான், எத்தனை முறை கூப்பிட்டும் கரைக்கு வரவில்லை. ஒவ்வொரு அலைக்கும், ‘இன்னும் ஒண்ணு’ என்று கேட்டு வாங்கிக்கொள்கிறவள் மாதிரி நின்றாள். வெயில் ஏறிய பிறகு அத்தை போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

திரும்பும்போது எல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. வண்டிக்குள் அனல். உடம்பெல்லாம் மணல். நான் இரண்டு முறை ஜன்னல் வழியே வாந்தி எடுத்தேன். செய்யாறுக்கு முன்னால் டயர் பஞ்சர். அத்தை துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, ரோட்டோரமாக மண்டியிட்டு, தானே சக்கரத்தைக் கழற்றினாள். பத்துப் பதினைந்து ஆண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் ஸ்பானரையே வாங்கப் பார்த்தார். “நீங்க அப்படி நெழல்ல நில்லுங்கண்ணா” என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்கு வேலையைச் செய்தாள். முகமெல்லாம் கரி. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் யாரோ, நான் யாரோ என்பது போல ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் அது ஒன்றுதான். அதையும் படக் கூடாத இடத்தில் பட்டேன்.

எங்கள் ஊரான ஆரணிக்கு இரண்டு மூன்று மைல் இருக்கும்போது மணி ஐந்துகூட ஆகவில்லை. நல்ல வெளிச்சம். ரோட்டோரம் ஒரு தண்ணீர்க் குழாயைப் பார்த்து அத்தை வண்டியை ஓரங்கட்டினாள். சேறும் என் வாந்தியும் காய்ந்துகிடந்த வண்டியோடு வீட்டு வாசலில் போய் நிற்க அவளுக்கு மனமில்லை.

“அண்ணி, ஜல்தியா ஒரு தொட தொடச்சிட்டுப் போயிடலாம். புதுசாட்டம் கொண்டுபோய் நிறுத்தறேன் பாருங்க” என்று சொல்லிவிட்டு, இறங்கிப் பின்னால் போய் டிக்கியில் துணியைத் தேடினாள்.

குழாயை முதலில் நான்தான் திறப்பேன் என்றான் தம்பி. நான்தான் என்றேன் நான். அவனுக்கு முந்திவிட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் என் மனதில் இல்லை. என் பக்கத்துக் கதவை, ரோட்டுப் பக்கம் திறக்கிற கதவை, காலால் உதைத்து முழுதாகத் திறந்தேன்.

பின்னாலிருந்து அத்தை கத்துவதும் ஒரு பெரிய சத்தமும் சேர்ந்து கேட்டன. மொபெட்டில் வந்த ஒருவர் கதவில் மோதி, ரோட்டில் போய் விழுந்தார். அவர் மாட்டியிருந்த பையிலிருந்து கத்திரிக்காய்கள் ரோடு முழுக்க உருண்டன. கதவு முன்பக்கமாக வளைந்து தொங்கியது.

அத்தை முதலில் ஓடி வந்தது என்னிடம்தான். என் கை கால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். என்னை உள்ளே தள்ளி உட்கார வைத்துவிட்டு விழுந்தவரிடம் ஓடினாள். தூக்கி உட்கார வைத்தாள். மறுபடி வந்து, தொங்குகிற கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தைதான்.

“யாரும்மா கதவத் தெறந்தது?”

“நான்தாங்க. கொழந்தைங்கள எறக்கறதுக்குத் தெறந்தேன்.”

பொம்பளைங்க ஓட்டினா இப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அதை வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். முன்சீட்டில் இருந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு முன்பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விழுந்தவர் முள்ளிப்பட்டுக்காரர். அப்பாவிடம் பட்டு வாங்கிப் போய்த் தன் வீட்டுத் தறியில் நெய்பவர். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டு, மகள் கொடுத்த கத்திரிக்காயோடு திரும்பிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. அப்பாவே ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் போடுகிற வரைக்கும் கூட இருந்து, விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் அத்தையை எதுவும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். அத்தை நடையில் கொடி கட்டி, கடலில் நனைந்த துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இன்னா நடந்துச்சி, நீ சொல்லு.”

அவர் அடிக்கிறவர் இல்லை. அடிக்குப் பயந்து பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளவாவது முடிந்திருந்தால் இத்தனை வருடத்தில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காலையில் அவர் என்னை விவரமான பெண் என்றார். அந்தப் பெயர் போய்விடக் கூடாது. அவ்வளவுதான்.

“அத்தைதான் தெறந்தாங்க.”

அப்பா தலையை ஆட்டினார். அத்தை ரோட்டில் சொன்னதாக அவர் கேள்விப்பட்டதும் அதேதான் என்பதால் அவர் அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. எழுந்துகூட விட்டார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“பின்னாடி திரும்பிப் பாக்கவே இல்லப்பா. காலையிலேர்ந்தே அப்படித்தான். அம்மாகூடப் பேசிகினே ஓட்டினாங்க. காஞ்சிபுரத்துல தப்பான ரோட்டுல போயிட்டாங்க.”

யாரும் கேட்காமல் நான் சொன்னது இது. அத்தையின் கை கொடியில் ஒரு நொடி நின்றது. பிறகு தம்பியின் சட்டையை உதறி, சுருக்கம் நீவி, காயப் போட்டாள். அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போனாள்.

அப்பா கையை நீட்டினார். அத்தை சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து அந்த நெசவாளர், கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அன்று கதவைத் திறந்தபோது என் முகத்தை அவர் நேருக்கு நேர் பார்த்திருந்தார். “நாந்தாங்க கொஞ்சம் வேகமா வந்துட்டேன். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார் அப்பாவிடம். போகும்போது என்னைப் பார்த்து, பயந்துட்டியா பாப்பா என்று கேட்டார். அதற்கப்புறம் ஒன்றரை மாதம் அவருடைய தறி சும்மா கிடந்தது. குற்றத்தை ஏற்றுக்கொள்ள இத்தனை பேர் முன்வந்தார்கள். செய்தவள் மட்டும் கதவிடுக்கில் நின்றிருந்தாள்.

கதவை நிமிர்த்திய பிறகு வண்டியை ஆற்காட்டுக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். அத்தை அதற்குப் பிறகு கார் ஓட்டவே இல்லை. அம்மா மறுபடி கடலுக்குப் போகவும் இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அத்தையும் நானும் மட்டும் வீட்டில் இருந்த ஒரு மத்தியானத்தில், அன்று நான் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டேன். முப்பது வயது தாண்டிய பிறகு வந்த தைரியம். அத்தைக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. மொச்சைக்காயை உரித்துக்கொண்டே கேட்டாள்.

“கதவுதானே? சின்னப் பொண்ணு, தெறந்துட்டே. நான் டிக்கிக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சொல்லியிருக்கணும்.”

கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் பின்னாடி பாக்கவே இல்லன்னு சொன்னியே, அது ஏன்? நான் ஒவ்வொரு தடவையும் பாத்தேனே. நீதான் பின்சீட்ல ஒக்காந்து பாத்துகினே வந்தியே.”

கோபமாகக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இத்தனை வருடமாக அவளுக்குப் புரியாமல் கிடந்த ஒரு விஷயம் அது. ஒரு கைப்பிடி மொச்சைக்காயை எடுத்து நானும் உரித்தேன்.

அந்தப் பயணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. நான் விடியற்காலையிலேயே விழித்துக்கொண்டு மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். தெருமுனையில் மற்றப் பெண்களோடு அத்தையும் சாப்பாட்டுப் பையைப் பிடித்தபடி நின்றாள். கம்பெனி பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அத்தைக்கு என் மேல் கோபம் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். அப்பா கீழே தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. அத்தையை ஏற்றிக்கொண்டு பஸ் திரும்பிப் போனது. எல்லாம் பழையபடியே ஆகிவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.