எசிலியின் மேசை

போன மாசி மாதம், டென்மார்க்கில் கோல்டிங் நகரில் நடந்தது இது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிக்கிற வேலையில் எனக்குப் பதினொரு வருட அனுபவம். இடுப்பில் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒரு பெண்ணைக் குளிக்க வார்த்து உடுப்பு மாற்றிவிட என்னை அனுப்பினார்கள். ஹெயிட்டி நாட்டில் பிறந்தவர். டேனிஷ்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட.

முதல் நாள், வியாழக்கிழமை, அவருடைய படுக்கையறை மூலையில் ஒரு மேசையைப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் துணி, கண்ணாடி, வாசனைச் சென்ற் போத்தல்கள், ஒரு துண்டு கேக், சின்னத் தட்டில் மூன்று மோதிரங்கள். நடுவில் நகை போட்ட ஒரு பெண்ணின் படம். அந்தப் பெண்ணின் நெஞ்சில் வாள் குத்தியிருந்தது. யார் என்று கேட்டேன். எசிலி என்றார், தங்கள் நாட்டு ‘வூடு’ சமயத்தில் ஒரு தெய்வம் என்றார்.

வூடு என்றதும் எனக்கு நினைவு வந்தது, சினிமாவில் பொம்மைக்கு ஊசி குத்துவதுதான். அவசரமாக வேலையை முடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்றே மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன். இந்தப் பெண் சூனியம் செய்கிறவர் போல இருக்கிறது, எனக்குப் பயமாயிருக்கிறது, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். திங்களிலிருந்து மாற்றலாம், நாளைக்கு மட்டும் நீங்கள்தான் போகவேண்டும் என்றார். திரும்பிப் பார்த்தேன். கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. நான் கதைத்தது முழுக்க டேனிஷில், அவருக்கும் விளங்குகிற மொழியில்.

வீட்டுக்கு வந்து, தப்பினேன் என்கிற மாதிரி இதைச் சொன்னேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் வழக்கம்போல டேனிஷில்தான் பதில் சொல்லுவாள். அன்றைக்கு மட்டும் தமிழில் கேட்டாள்.

“அம்மா, எங்கட காளியின்ர படத்தைப் பாத்திட்டுத்தானே என்ர சிநேகிதியை அவளின்ர தாய் எங்கட வீட்ட வர விடேல்லை? நான் எவ்வளவு அழுதனான் எண்டு ஞாபகமிருக்கோ?”

அதுவும் இதுவும் ஒன்றா என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை மணியடித்தேன். பதில் இல்லை. பராமரிப்பாளர்களுக்கென்று தந்திருக்கிற திறப்பால் கதவைத் திறந்து உள்ளே போனேன். வீடு முழுக்க சென்ற் மணம். படுக்கையறையில், கட்டிலில் சாய்ந்தபடி தரையில் இருந்தார் அவர். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்தில் ஒரு காட்போட் பெட்டி, உடைந்த போத்தல். மேசையில் ஒன்றுமே இல்லை.

குனியவே கூடாது என்று வைத்தியர்கள் சொல்லி அனுப்பிய மனுசி, மேசையில் இருந்ததை எல்லாம் பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளப் பார்த்திருக்கிறார். குனிந்த இடத்தில் கால் வழுக்கியிருக்கிறது. ஒரு மணித்தியாலமாக அப்படியே இருந்திருக்கிறார்.

ஏன் இதைச் செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் காரணம் தெரியும்.

“நீங்கள் பயப்படுறியள். எனக்கோ குளிக்கிறதுக்கு ஆக்கள் வேணும்,” என்றார்.

அம்புலன்ஸ் வரும் மட்டும் அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்தேன். சத்திரசிகிச்சை செய்த அந்த இடுப்பு விலகியிருந்தால் அது என் வாயால் வந்த வினை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அந்தப் படத்தில் இருக்கிறது யார் என்று எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

எசிலி அன்பின் தெய்வமாம். நல்ல வாசனையும் இனிப்பும் அழகான பொருளும் அவளுக்குப் பிடிக்குமாம். மூன்று கணவர்மாருக்காக மூன்று மோதிரம். ஆனாலும் எவ்வளவு அன்பு கிடைத்தாலும் போதாமல், கடைசியில் அழுதுவிடுவாளாம். கணவர் போன பிறகு, அழுகிற தெய்வத்தோடு கதைப்பதுதான் தனக்கு லேசாக இருக்கிறது என்றார்.

“அந்த வாள் மற்ற ஆக்களுக்குக் குத்துறதுக்கு இல்லை. அது அவவின்ர நெஞ்சில இருக்கிற நோவு.”

நல்லகாலம், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் வேலை முடிந்ததும் நான் திரும்பப் போனேன். அவர் கட்டிலில் இருந்து எது எங்கே என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தேன். அவருக்குக் கேட்கக்கூடியதாக மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்து, நேற்று நான் சொன்னது பிழை, தெரியாமல் பேசிவிட்டேன், திங்களும் நானே வருகிறேன் என்றேன்.

அவர் உடனே சிரித்துவிடவில்லை. என்னோடு மனம்விட்டுக் கதைக்க இரண்டு வாரம் எடுத்தது. அது நியாயம்தான்.

மகளிடமும் நான் பிழையை ஒத்துக்கொண்டேன். இன்னொருவர் நம்பிக் கும்பிடுகிற ஒன்றைப் பார்த்து நான் பயந்தால், அந்தப் பயத்தின் பாரத்தைச் சுமப்பது நானல்ல, அவர்தான் என்பது அந்தத் தரையில் இருந்த ஒரு காலையில்தான் எனக்கு விளங்கியது.