அம்மாளிடம் சண்டை போட்டு வாங்கிய வயர்மேன் சர்ட்டிபிகேட்

அம்மாளை நம்பும் என் சொந்தங்களே, நான் வீராசாமி. மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சுட்ட எமர்ஜென்சி காலத்தில், மலாக்கா நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மின்சார எஞ்சின் கொட்டகை வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து விளக்கும் முள்வேலி விளக்கும் என் பொறுப்பு.

ஒருநாள் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். சர்ட்டிபிகேட் இல்லாதவன் இனிமேல் வயரைத் தொட்டால் குற்றம் என்றார். பரீட்சை எழுதுகிறேன், இத்தனை வருஷம் வேலை செய்ததற்கு ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன்.

"பால் வெட்ட வந்த குடும்பம்லா நீங்க. உனக்கெதுக்குடா சர்ட்டிபிகேட்? அடுத்த மாசம் போய் மரத்தை வெட்டு" என்றார். என் எஞ்சின் வேலைக்குத் தன் மச்சானை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்.

பால்வெட்டு என்றால் விடியுமுன் வேலிக்கு வெளியே போக வேண்டும். போன மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுப் போட்டிருந்தார்கள். என் மனைவி பாக்கியம் வாய்விட்டு அழுதாள். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கற்பூரம் ஏற்றவில்லை, கையும் கூப்பவில்லை. "தாயே, உன் திருவிழாவுக்குச் சீரியல் விளக்குப் போட்டவன் நான். எனக்கு ஒரு வழி காட்டு. காட்டாவிட்டால் இந்த வருஷம் தீ மிதிக்க மாட்டேன்!" என்று கத்தினேன்.

மூன்றாம் நாள் மதியம் விளக்குகளைச் சோதித்தபோது வேலி விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. கிராணி ஓடி வந்தார்.

"என்னலா உட்கார்ந்திருக்க? போய்ப் பாருடா!"

"சர்ட்டிபிகேட் இல்லாதவன் தொட்டா குத்தம்னு நீங்கதான சொன்னீங்க? நான் தொட மாட்டேன்லா."

சத்தம் கேட்டுத் தோட்டத்து மானேஜர், வெள்ளைக்காரத் துரையே வந்துவிட்டார். நடந்ததை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. துரை கிராணியை ஒரு பார்வை பார்த்தார். அங்கேயே கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "இன்னைக்கு என் பொறுப்பு. போய்ப் பாரு" என்றார். இருட்டுமுன் விளக்கு எரிந்தது.

பரீட்சை மலாக்கா டவுனில். இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பொரு தடவை நான் வயரைப் பிடித்திருக்கும்போது கூட்டாளி ஒருவன் தெரியாமல் மெயினைப் போட்டுவிட்டான். தூக்கி எறியப்பட்டேன். உயிர் தப்பியது அம்மாள் புண்ணியம். அன்றிலிருந்து பியூஸைக் கழற்றி, சட்டைப் பையில் இருக்கும் அவள் குங்குமப் பொட்டலத்தோடு போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடுவேன்.

சுவரில் இருந்த ஒரு சுவிட்சை மாற்றச் சொன்னார்கள். பாதி வேலையில் என் முதுகுக்குப் பின்னால் மெயினைப் போடும் சத்தம் கேட்டது. பரீட்சை வைத்த துரைதான் வேண்டுமென்றே போட்டிருக்கிறார்! என் கை வயரிலேயே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "பியூஸ் மானா?" என்று, பியூஸ் எங்கே என்பதை மலாயில் கேட்டார்.

"சினி, துவான்", இங்கே இருக்கிறது துரை என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வெள்ளைப் பீங்கான் முழுக்கக் குங்குமம். அவர் விரலிலும் ஒட்டிக்கொண்டது. துடைக்காமலே என் தாளில் 'பாஸ்' என்று எழுதினார். தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு விரல் தடம். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயோ, இவளிடமா அப்படிக் கத்தினேன்!

அந்த வருஷம் தீ மிதித்தேன். பாக்கியம் மஞ்சள் தண்ணீரோடு காத்திருந்தாள். இன்று நான் கான்ட்ராக்டர். என்னிடம் வேலை பழகிய எவன் கேட்டாலும் கடிதம் கொடுக்கிறேன், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை.

உங்களையும் எவனாவது நீ யார் என்று கேட்டால் தலை குனியாதீர்கள். கோயிலுக்குப் போய்ச் சத்தம் போட்டுக் கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் வேலையைத் தொடும்போது மட்டும் பியூஸ் உங்கள் பையில் இருக்கட்டும்.