ரேஸ் தடமும் ராஃபியா கயிறும்

காடி, அதாவது கார், பழுது பார்க்கும் தொழிலில், ஓடாத காடியை ஓட வைத்தால் கும்பிடுவார்கள். நன்றாக ஓடும் காடியை வேண்டுமென்றே விரட்டிக் கெடுத்துக்கொண்டு வந்தாலும் நம்மைத்தான் திட்டுவார்கள். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் ஒரு காடியை வாங்கிவிட்டு என்னைப் போல் ஒருவனிடம் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆக, நாம் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்தான்.

மலாய் நாட்டுத் தீவொன்றில், ஜார்ஜ் டவுனில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்ததில்லை. இஞ்சின் முனகினால் எங்கே வலிக்கிறது என்று ஓரளவு விளங்கும். மனிதர் பேசினால்தான் பாதி விளங்காது. அந்த விளங்காத பாதிதான் இது.

சுற்றி வந்தால் என்ன கிடைக்கும்?

பட்டறைக்கு எதிரே நாசி கண்டார் என்கிற சோறும் கறியும் விற்கும் கடை வைத்திருப்பவர் சுலைமான். என்னைவிட வயசில் சின்னவர். ஆனாலும் தெருவே அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் நானாதான். ஒருநாள் மத்தியானம் காடியைக் கொண்டுவந்து நிறுத்தி, பின் சீட்டைக் கழற்றிப் போடச் சொன்னார். "எதுக்கு நானா, அரிசி மூட்டை ஏத்தவா?" என்றேன். கனம் குறைக்கவாம். தீவையும் அக்கரையையும் சேர்க்கிற கடல் பாலத்தைத் தாண்டி கெடா பக்கம், வயல்காட்டுக்கு நடுவில் ஒரு ரேஸ் தடம் இருக்கிறதாம். பணம் கட்டினால் யாரும் சொந்தக் காடியைக் கொண்டுபோய் ஆசை தீர விரட்டலாமாம். கோப்பை கிடையாது, மாலை கிடையாது, யார் முதலில் வந்தது என்று யாரும் பார்ப்பதும் கிடையாது. ஏதாவது கழன்று விழுந்தால் மாட்டிக் கொடுக்க நான் கூட வரவேண்டுமாம்.

"சரி, போற எடம் எது?" என்று கேட்டேன். "போற எடம்னு ஒண்ணும் இல்ல அண்ணே. பொறப்பட்ட எடத்துக்கே சுத்திட்டு வரணும்." "அப்புறம்?" "அப்புறம் மறுபடியும் சுத்தணும்." "அதுல என்ன கெடைக்கும்?" ஸ்பேனரும் கையுமாக நின்ற என்னை நானா பரிதாபமாகப் பார்த்தார்.

"கறிச்சட்டிய நாள் முழுக்கக் கிண்டுறேன், கரண்டி எந்த ஊருக்காச்சும் போய்ச் சேர்ந்துச்சா? ருசி வருதுல்ல லா, அதுதான்."

பின் சீட்டில் ஒரு ரேஸ்காரி

நானா ஒருவர் போதாதென்று சிவகாமியும் வந்து சேர்ந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இஞ்சினியர். நாற்பதைத் தாண்டியவர். நானா கடையில்தான் தினமும் பசியாறுவார், என் பட்டறையில்தான் காடியை விடுவார். ஒரு மழைநாளில் அவருடைய பழைய சின்னக் காடி பாலத்தின் நடுவில் நின்றுபோனது. கீழே கடல், பக்கத்தில் உரசுகிற மாதிரி லாரிகள், ஓயாத ஹாரன். இழுவை வண்டி வரும்வரை தனியாக உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். காடியை நான் சரி பண்ணிவிட்டேன். அவரைச் சரி பண்ணத்தான் வழி தெரியவில்லை. அன்றையிலிருந்து பாலம் என்றாலே ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். அம்மா இருப்பதோ அக்கரையில், நிபோங் திபால் பக்கம். யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் அம்மாவைப் பார்க்கலாம். "யாரு தயவும் இல்லாம நானே ஓட்டிட்டுப் போய் அம்மா வாசல்ல எறங்கணும் அண்ணே, வேற ஒண்ணும் வேணாம்" என்பார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து இந்த ரேஸ் தடம். முதல் தடவை போனபோது, பாலம் வருவதற்கு முன்னாலேயே தன் காடியின் பின் சீட்டுக்கு மாறி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டார். ஸ்டியரிங் என் கையில். ரேஸ் ஓட்டப் போகிறவர் பின்னால் படுத்திருக்கிறார், ரேஸ் என்றால் என்னவென்று தெரியாதவன் ஓட்டிக்கொண்டு போகிறேன். எங்கள் இருவரில் யாருக்குப் புத்தி பிசகியது என்று பாலம் முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. "பாலத்துக்கே பயந்தா, அந்தத் தடத்துல எப்படிம்மா?" என்று கேட்டேவிட்டேன். துப்பட்டாவுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அங்க எல்லாரும் ஒரே பக்கமா போறாங்க, லாரி கெடையாது, நின்னுட்டா கொடி காட்டிக் காப்பாத்துறாங்க, பாலத்துல எனக்கு யாரு அண்ணே கொடி காட்டுனா?"

பச்சைத் தண்ணீர்

முதல் நாள் என்பதால் சம்பிரதாயம் விடக்கூடாது என்று முன் சக்கரங்களுக்கு அடியில் பச்சை எலுமிச்சம்பழம் வைத்து, காடியை ஓர் அடி உருட்டி நசுக்கினேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மார்ஷல் வந்தார். தடத்தில் கொடி பிடிப்பதும் காடிகளைச் சோதிப்பதும் அவர் வேலை. மலாய்க்காரத் தம்பி, நல்ல மரியாதை. சக்கரத்தடியில் பச்சையாக ஈரம் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைத் தண்ணீர் ஒழுகுகிறது என்று நினைத்து, டார்ச்சோடு காடிக்கு அடியில் படுத்துவிட்டார். ஒழுகுகிற காடியைத் தடத்தில் விட்டால் பின்னால் வருகிறவர்கள் வழுக்குவார்களாம். நான் "லிமாவ், லிமாவ்" என்று நசுங்கின தோலைத் தூக்கிக் காட்டினேன். பழம் ஏன் சக்கரத்தடியில் இருந்தது என்று கேட்டார். கண் திருஷ்டியை மலாயில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, போய் இன்னொருவரை அழைத்து வந்தார். இருவரும் குனிந்து மோந்து பார்த்தார்கள்.

அதோடு போகவில்லை. காடிக்குள் எதுவும் உருளக்கூடாது என்று டேஷ்போர்டில் இருந்த குட்டிப் பிள்ளையாரையும் இறக்கச் சொன்னார்கள். சிவகாமி அவரை எடுத்து என் கையில் கொடுத்தார். போனார், ஒரே ஒரு சுற்று, திரும்பி வந்து இறங்கிவிட்டார். பிள்ளையாரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற என்னிடம் மார்ஷல் வந்து மலாயில் மெதுவாகச் சொன்னார்.

"அங்கிள், அடுத்த தடவ வெளியில பழமும் வேணாம், உள்ள சாமியும் வேணாம், அக்காவ மூச்சு விடச் சொல்லுங்க, அது போதும்."

மஞ்சள் துண்டு

பிறகு சிவகாமி விடாமல் வந்தார். ஒரு சுற்று இரண்டாகி, இரண்டு நாலாகியது. எல்லாரும் அவரை முந்திக்கொண்டுதான் போவார்கள். அவருக்கென்றே நீலக்கொடி காட்டுவார்கள். பின்னால் வேகமாக வருகிறவருக்கு வழி விடு என்று அர்த்தமாம். மற்றக் கொடிகளுக்கும் விளக்கம் சொன்னார்கள். ஒரு காதில் வாங்கினேன்.

அன்று நல்ல வெயில். துடைக்க வைத்திருந்த மஞ்சள் துண்டோடு தடத்தோரச் சுவர் பக்கம் நின்றேன். தூரத்தில் தேத்தண்ணி பிளாஸ்க்கோடு நானா போவது தெரிந்தது. கூப்பிட்டால் காதில் விழாது. துண்டைத் தூக்கி நன்றாக ஆட்டினேன். எதிரே பறந்து வந்த காடி சடாரென்று வேகம் குறைந்தது. அதற்குப் பின்னால் வந்ததும் குறைந்தது. என்னடா இது, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டதா என்று நான் இன்னும் பலமாக ஆட்டினேன். மஞ்சள் என்றால் ஆபத்து, மெதுவாகப் போ, யாரையும் முந்தாதே என்று அர்த்தமாம். சிவகாமி மட்டும் வேகம் குறைக்கவில்லை. குறைக்க அவரிடம் வேகம் இருந்ததில்லை. அதே போக்கில் போய், விலை உயர்ந்த ஒரு சிவப்புக் காடியை முந்திவிட்டார். அவர் வாழ்க்கையில் முந்திய முதல் காடி. மார்ஷல் என்னையும் அவரையும் சேர்த்து நிறுத்தி வைத்துத் திட்டினார். சிவகாமி திட்டு வாங்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

இதுதான் நேரம் என்று, "இன்னைக்குப் பாலத்துல நீங்களே ஓட்டுறீங்களா?" என்றேன். சிரிப்பு நின்றது. பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

"பாலத்துல நீங்க துண்டு ஆட்டுனா லாரி நிக்குமா அண்ணே?"

அவித்த முட்டை

ஒருநாள் நானாவின் ரேடியேட்டரில் ஊசித் துவாரம். பழைய ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. பச்சை முட்டையை உடைத்து ரேடியேட்டருக்குள் ஊற்றினால், சூட்டில் வெந்து துவாரத்தை அடைக்கும். வீடு போய்ச் சேரும்வரை தாங்கும். நானா எங்கே போனாலும் கடைச் சாப்பாடு கூடவே வரும். "நானா, முட்டை இருந்தா சீக்கிரம் கொண்டாங்க!" என்று கத்தினேன். ஓடிப்போய் ஓடி வந்தார். அவித்து, உரித்து, குழம்பில் மிதக்கவிட்டு, பக்கத்தில் ஒரு கரண்டி சோறும் வைத்து நீட்டினார். நான் தட்டைப் பார்த்தேன், ரேடியேட்டரைப் பார்த்தேன். நான் சாப்பிடாமல் நிற்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் வேறு.

காரணத்தைச் சொன்னதும் சாப்பாட்டுக் கூடையைக் கிளறி மிளகுத்தூள் பொட்டலம் எடுத்தார். அதுவும் கைவைத்தியம்தான். சூடு தணிந்ததும் மூடியைத் திறந்து தூவினேன். இஞ்சினை ஓட விட்டதும் ஒழுக்கு நின்றது. ஆனால் மிளகு ரசம் கொதிக்கிற வாசனை அந்த இடம் முழுக்கப் பரவி, ஹெல்மெட் மாட்டியவர்களெல்லாம் எங்கே சாப்பாடு விற்கிறார்கள் என்று தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். நானா மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"முட்டைய நீங்க தின்னுங்க, மிளகைக் காடி திங்கட்டும், ரெண்டும் என் கைப்பக்குவம்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க லா!"

இழுங்க, விடுங்க

கடைசியாக ஒன்று. அன்றைக்கு சிவகாமி கொடுத்த நேரம் முழுக்க நிற்காமல் சுற்றிவிட்டு வந்தார். ஆனாலும் கிளம்பும்போது சாவியை வழக்கம்போல் என்னிடம் நீட்டினார். கடையில் கூட்டம் என்று நானா முன்னாலேயே போய்விட்டார். நான் இஞ்சினைக் கிளப்பி ஆக்சலேட்டரை மிதித்தேன். மிதி தரையோடு ஒட்டிக்கொண்டது, இஞ்சின் ஏறவில்லை. மிதியிலிருந்து இஞ்சினுக்குப் போகிற கேபிள் அறுந்திருந்தது. கையில் வேறு கேபிள் இல்லை, பக்கத்தில் கடையும் இல்லை. இழுவை வண்டிக்காரர் பொழுது சாய்ந்துதான் வரமுடியும் என்றார்.

பொட்டலம் கட்டுகிற ராஃபியா கயிறு ஒரு கட்டு கிடந்தது. நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கி, இஞ்சினில் கேபிள் மாட்டுகிற இடத்தில் கட்டி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, இடது பக்க ஜன்னலுக்குள் கொண்டுவந்தேன். இழுத்தால் ஓடும், விட்டால் அடங்கும். நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள். கட்டி முடித்துப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது: கயிறு பிடிக்கிறவன் இடது பக்கம் உட்கார வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பது இஞ்சின் சத்தம் கேட்டே பழகின என் கைக்குத்தான் தெரியும். அப்படியானால் ஸ்டியரிங்? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "வேணாம்மா, இழுவை வண்டி வரட்டும், உட்கார்ந்திருப்போம்" என்றேன். "இழுவை வண்டிக்காகக் காடிக்குள்ள உட்கார்ந்திருந்தது போதும் அண்ணே" என்று சொல்லி வலது பக்கம் ஏறினார்.

"இழுங்க" என்பார், இழுப்பேன். "விடுங்க" என்பார், விடுவேன். இடது ஓரமாகவே ஊர்ந்து வந்தோம். சுங்கம் கட்டுகிற டோலில் நின்று அட்டையைத் தட்டினார், இரண்டாம் தடவைதான் பதிந்தது. காடி பாலத்தில் ஏறியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்துவிட்டால் என்ன செய்வது, கயிற்றைப் பிடிப்பதா, ஸ்டியரிங்கைப் பிடிப்பதா? அந்த யோசனையில் இருந்தபோது பெரிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசினாற்போல் தாண்டியது. காடியே குலுங்கியது. கயிற்றை விட்டுவிட்டேன். பாலத்தின் உச்சிமேட்டில் காடி சுணங்கிச் சுணங்கி நிற்கப் பார்த்தது. பின்னால் ஹாரன். கீழே கடல்.

"இழுங்க அண்ணே!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள். "நடுப்பாலத்துல நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நிக்க விடாதீங்க, இழுங்க!" இரண்டு கையாலும் இழுத்தேன். காடி துள்ளிக்கொண்டு பாய்ந்தது. அவர் கை ஸ்டியரிங்கில் ஆணி அடித்த மாதிரி நின்றது. கண்ணை மூடிக்கொண்டது நான்தான். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்து, நானா கும்பிடுகிற ஆண்டவனையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "விடுங்க அண்ணே, தீவு வந்துடுச்சு" என்று குரல் கேட்டது.

சாலையோரம் நிறுத்தினார். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. தண்ணி வேண்டுமா என்று கேட்டேன். தலையைத் தூக்கினார்.

"அண்ணே, நாளைக்கே புதுக் கேபிள் போட்டுடுங்க. அடுத்த வாரம் ரேஸுக்கு வரல, அம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க வேணாம், கயிறும் வேணாம்."

தடத்தில் சுற்றிச் சுற்றிப் பயம் போனதா, கயிற்றை நான் விட்டதால் போனதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. காடியோ மனுஷரோ, பழுது சரியானதும் முதலில் கழற்றி விடுவது பட்டறைக்காரனைத்தான் என்பது மட்டும் நன்றாக விளங்கிவிட்டது.