செல்லத்துரைக்கு நாங்கள் அடித்த நாணயம்

சென்ற வாரம் நெடுந்தீவிலிருந்து வந்த ஒருவர் என் வாசலில் நின்று, "மாஸ்ரர், செல்லத்துரை அண்ணை மோசம் போயிட்டார்" என்றார். வயிற்றுக்குத்து வந்து இரண்டு நாள் கிடந்து இறந்திருக்கிறார். அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு கிடைக்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு இதைவிடக் கொடிய செய்தி இல்லை. நோயாளிகளை ஏற்றுவதற்கென்று நெடுந்தீவுக்கு ஓர் இயந்திரப் படகு வேண்டும் என்றுதான் அவர் அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைவரை கடலில் நீந்தி நிதி சேர்த்தார். நாட்டுக்காக வெளிநாடுகளில் நீந்தியவர். பத்திரிகைகள் தேசிய வீரர் என்று எழுதின. கரையேறியபோது தோளில் தூக்க வந்தவர்களிடம், "என்னை விடுங்கோ, ஏலாத சனத்தைத் தூக்குங்கோ" என்றார்.

சேர்ந்தது போதவில்லை. அவர் முகம் பொறித்த நினைவு நாணயங்களை விற்று மீதியைத் திரட்டலாம் என்று வேலணையில் படகு நிதிக்கென்று கூடிய எங்கள் குழு தீர்மானித்தது. வரைபடம் என் பொறுப்பு. கவராயம் வைத்து வட்டம் போட்டேன். முகத்தின் இடப்பக்கம் வெறுமையாகத் தெரிந்தது. அங்கே ஒரு குத்துவிளக்கை எரியவிட்டேன். இறந்தவரின் படத்தருகில்தான் அப்படி விளக்கு வைப்போம் என்பது, மூன்று முறை சரிபார்த்த எனக்குத் தோன்றவேயில்லை.

முதல் நாளே ஓர் அம்மா நாணயத்தைத் திருப்பித் தந்தார். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஏன் மாஸ்ரர் விளக்கு வைச்சனீங்கள்? இதை வீட்டில வைக்கேலாது." பிறகு எவரும் வாங்கவில்லை.

குழுவிலிருந்து விலகும் கடிதத்தோடு செல்லத்துரையிடம் போனேன். வாசிக்காமலே மடித்துத் தந்தார். "விடுங்கோ மாஸ்ரர். நானே கொண்டுபோய் விக்கிறன்."

மறுநாள் பஸ் நிலையத்தில் அவர் குரல் கேட்டது: "செத்தவன் வந்திருக்கிறன், வாங்குங்கோ!"

"பேய்க்கு என்னத்துக்கடா காசு?" என்றார் ஒரு கிழவர்.

"பேயும் படகிலதானே அப்பு போகவேணும்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வாங்கத்தான் ஒருவரும் இல்லை. படகுப் பேச்சு அத்தோடு நின்றது. பின்னர் நாட்டில் சண்டை வந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தோம். அவர் நெடுந்தீவிலேயே இருந்துவிட்டார்.

படகு இருந்திருந்தாலும் இந்தச் சண்டைக் காலத்தில் கடற்படையினர் கடலில் விட்டிருக்கமாட்டார்கள் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். படகு இருந்திருந்தால், ஊரார் அனுமதி கேட்டாவது பார்த்திருப்பார்கள்.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது ஒரு மன்னிப்பு. அதை அவர் நல்ல சுகத்தோடு இருந்த காலத்தில் தந்தார். வயிற்றைப் பிடித்தபடி கிடந்த அந்த இரண்டு நாளில் தந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இனிக் கேட்கவும் முடியாது.