லூர்துசாமி அவர்களும் இருபத்தெட்டுப் பொம்மைகளும்

செவ்வாய்க்கிழமை காலை மருமகள் போனை என்னிடம் நீட்டினாள். "அத்தை, மேரி ஆன்ட்டி. அழறாங்க." லூர்துசாமி அவர்களின் மனைவி மேரி இவ்வளவுதான் சொன்னார்: "டீச்சர், அவர் போயிட்டார். கராஜ்ல தொங்குறதையெல்லாம் நான் என்ன பண்ணுவேன்?"

அவரை அறியாதவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்காது. நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேதியியலாளராக இருந்தவர் அவர். 1994இல் தம் பங்குக் கோயில் ஹாலின் பேஸ்மென்ட்டில் நாற்காலி எடுக்கப் போனபோது அந்தப் பொம்மைகளைக் கண்டார். இத்தாலியின் சிசிலியிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் ஆட்டிய போர்வீரர்களும் இளவரசிகளும். நம்மூர் பொம்மலாட்டத்துக்கு நூல். இவற்றுக்குத் தலையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாக இரும்புக் கம்பிகள். ஐந்து வயதுக் குழந்தையின் உயரம், பித்தளைக் கவசம். ஒன்றைத் தூக்கினால் நிறைகுடத்தைத் தூக்குவது போலிருக்கும்.

அந்த ஹாலை இடிக்கப்போவதாகவும் பொம்மைகள் குப்பைக்குப் போகும் என்றும் சொன்னார்கள். இவர் விடவில்லை. "இது சாமான் இல்ல டீச்சர். ஒரே கதையோட ஆளுங்க. ஒருத்தரைப் பிரிச்சாலும் கதை நின்னுடும்" என்பார்.

ஓர் அருங்காட்சியகம் அத்தனையையும் ஏற்கச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை, பூச்சி உள்ளே வரக்கூடாது. மரத்தலைகளில் வண்டு இருந்தது. தலைகளைக் கழற்றி, காற்றுப் புகாத உறையில் கட்டி, வண்டு சாக இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு முழுநாள் உறையைத் திறக்கக்கூடாது. இப்படி அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

லூர்துசாமி அவர்கள் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் போன் செய்தார்.

"அண்ணே, எங்க ஃப்ரீசர்ல வஞ்சிர மீனுக்கே இடமில்ல!"

"இன்னிக்கே குழம்பு வச்சிடும்மா. நான் வந்து சாப்பிட்டுட்டு, தலையை வச்சிட்டுப் போறேன்."

எங்கள் வீட்டுக்கு மூன்று தலைகள் வந்தன. இரண்டு வாரம் முடிந்த நாள் பேரனின் பிறந்தநாள். ஐஸ்கிரீம் கேக்குக்கு இடம் வேண்டுமென்று உறைகளை வெளியே எடுத்தேன். குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள். "பாட்டி, ஓப்பன் இட்! ப்ளீஸ்!"

திறந்துவிட்டேன்.

குளிர்ந்த நீர் உள்ள டம்ளரின் வெளிப்புறம் ஏன் வியர்க்கிறது என்று முப்பது வருடம் வகுப்பில் விளக்கியவள் நான். என் கண்ணெதிரே இளவரசியின் முகம் வியர்த்தது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தேன். வண்ணம் உரிந்து, ஒரு கன்னமும் ஒரு கண்ணும் முந்தானையோடு வந்துவிட்டன.

அவர் வந்து தலையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நீங்க துடைக்கலைன்னாலும் வந்திருக்கும் டீச்சர்" என்றார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். அருங்காட்சியகத்திடம், "என் கவனக்குறைவு" என்று மட்டும் சொன்னார். என் பெயரைச் சொல்லவே இல்லை. சொன்னபடி நடக்காதவரிடமிருந்து எதையும் பெற இயலாது என்று அவர்கள் எழுதிவிட்டார்கள்.

ஹால் இடிந்தது. இருபத்தெட்டும் அவர் கராஜுக்கு வந்தன. கார் தெருவுக்குப் போனது. ஆறு வருடமாக எங்கெங்கோ எழுதினார். கிடைத்த பதில்களெல்லாம் ஒன்றிரண்டை மட்டும் கேட்டன. மறுத்துவிட்டார். கராஜின் ஈரத்தில் கவசங்கள் பச்சை பூத்தன, பட்டு கிழிந்தது.

மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான்தான் தப்புப் பண்ணிட்டேனோ டீச்சர்? ரெண்டையாவது கொடுத்திருக்கலாமோ? அதுங்களாவது பிழைச்சிருக்குமே?"

எத்தனையோ பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன நான், அன்று அவர் போர்வையை மட்டும் இழுத்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. இம்மாத இறுதியில் அவர்கள் வீடு கைமாறுகிறது. "மாம், வீ ஹேவ் நோ ப்ளேஸ்" என்று மேரியிடம் சொல்கிறார் அவர்கள் மகன். அவர் மீதும் குற்றமில்லை, இருப்பது அப்பார்ட்மென்ட். நேற்று அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினேன்: உறையைத் திறந்தவள் நான், துடைத்தவளும் நான். இவ்வளவு வருடம் கழித்து யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை. அவர் உயிரோடிருந்தபோதே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுக் கராஜுக்குப் போனேன். முகமிழந்த இளவரசியை மூலையில் ஒளித்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை. வரிசையின் நடுவில், இரண்டு வீரர்களுக்கு இடையே, தம் கையாலேயே மாட்டி வைத்திருந்தார்.

லூர்துசாமி அவர்களே, நீங்கள் யாரையும் பிரிக்கவில்லை. போய் வாருங்கள்.