வலிக்காத கால்

கிரேன்காரரின் பாதங்களில் உணர்ச்சி செத்துப் போய் நான்கு வருடமாகிறது. எல்லாம் சர்க்கரை நோயின் வேலை. ஆணி குத்தினாலும் தெரியாது, வெந்நீர் கொட்டினாலும் தெரியாது. போன வருடம் இடது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது என்று மருத்துவர் கறாராகச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் மனைவி இரண்டு உள்ளங்கால்களையும் திருப்பிப் பார்ப்பாள். ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவுவாள். அதற்குப் பிறகுதான் அவர் கால் உள்ளே போகும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலம் தள்ளியவள் அவள். அருவருப்பு, கூச்சம் எதுவும் கிடையாது.

கூச்சமெல்லாம் அவருக்குத்தான். விரல் போன விஷயம் அவருடைய அக்காவுக்குத் தெரியக் கூடாது. துறைமுகத்துக் கப்பலையே தூக்கி வைத்தவன் என் தம்பி என்று பார்க்கிறவரிடமெல்லாம் அளக்கிற அக்கா அது. அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டுதான் வீட்டுவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கிளம்பியிருந்தார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே அடக்கம். ஒருவர் திரும்பினால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குள் திருட்டுத்தனமாகக் கால் பார்க்கக் குளியலறையை விட்டால் வேறு இடமில்லை. அன்று காலை நாத்தனார் அதற்குள் புகுந்து தாழ்போட்டவள், லேசில் வெளியே வரவில்லை. வண்டிகள் நிற்கும் முகாமின் வாசலில், நகரத்துக்குப் போகும் பேருந்து ஹாரன் அடித்தது. அவர் அவசரமாக ஷூவை மாட்டிக்கொண்டார். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நகரம் முழுக்கக் கல் பாவிய தெருக்கள். கோட்டை பார்த்தார்கள், சந்தை பார்த்தார்கள், நாத்தனார் வரைபடத்தில் வட்டம் போட்டிருந்த இரண்டு பூங்காக்களையும் விடவில்லை. ஆற்றுப் பாலத்தில் நடக்கும்போது நாத்தனார் கேட்டாள்.

"வண்டியில தண்ணித் தொட்டி மூடியப் பூட்டினியா? சாவிய எங்க வச்ச?"

அவர் மனைவி சட்டென்று நின்றாள். ஓடுகிற வண்டியில் சின்னச் சாமான் எதையும் மேஜைமேல் விட முடியாது, உருண்டுகொண்டே இருக்கும். கப், தொப்பி, ஷூ என்று கைக்கு அகப்பட்டதில் போட்டு வைப்பது இந்தப் பயணத்தில் பழகிய வழக்கம். முந்தின நாள் ஒரு வளைவில் அந்தச் சாவி உருண்டு வந்தது. கதவோரம் இருந்த ஷூ ஒன்றுக்குள் தள்ளிவிட்டாள். யாருடைய ஷூ?

அங்கேயே உட்கார்ந்து தன் ஷூ இரண்டையும் கழற்றி உதறினாள். ஒன்றுமில்லை.

"அண்ணி, உங்க ஷூவுல ஏதாவது குத்துதா?"

"குத்தினா கத்த மாட்டனா? ஊரையே கூட்டியிருப்பேன்."

அது வாஸ்தவம். அவர் முன்னால் படகுகளைப் படம் பிடித்தபடி உற்சாகமாக நடந்துகொண்டிருந்தார். கொஞ்சம்கூடக் காலைத் தாங்கி நடக்கவில்லை. வலி தெரியாத காலுக்கு அது ஆறுதல் இல்லை.

அவள் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தாள். "என்னங்க, உக்காருங்க. ஷூவக் கழட்டுங்க."

அவர் அக்கா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்கயா? வண்டிக்குப் போய்ப் பாத்துக்கலாம். எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியாதுங்கிறதுதானே பயம்!"

"என்னடி ரகசியம்?" நாத்தனார் வந்து சேர்ந்தாள். "ஊரு பாக்க வந்தமா, இவன் கால் பாக்க வந்தமா? இத்தனை வருஷமாப் பாக்காத காலா?"

அவர் சிரித்து மழுப்பிவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கினார். பாலத்தின் முடிவில் மணிக்கூண்டு. உள்ளே சுழல் படிக்கட்டு. அவர் முதல் படியில் கால் வைக்கும்போது அவள் குறுக்கே போய் நின்றாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அங்கேயே மண்டிபோட்டு அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். அவர் நினைத்திருந்தால் காலைப் பின்னால் இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.

வலது ஷூவைக் கழற்றியதும் சாவி கல்லில் விழுந்தது. காலுறை நனைந்து ஒட்டியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே சதை கிழிந்து, சுற்றிலும் சிவந்திருந்தது. ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. இடது ஷூவையும் கழற்றினாள். நாத்தனார் நான்கு விரல்களைப் பார்த்தாள்.

"எப்படா?"

"போன வருஷம்."

"எங்கிட்ட சொல்லத் தோணலையா?"

"நீ அழுவ."

"அழாம? கை தட்டுவனா?" வரைபடத்தைக் கசக்கிப் பையில் திணித்துக்கொண்டு, நாத்தனார் நடுத்தெருவில் இறங்கி ஒரு டாக்ஸியை மறித்தாள்.

டாக்ஸி கொண்டுபோய் விட்ட சின்ன மருத்துவமனையில், மருத்துவர் மெல்லிய கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். எலும்பு தட்டுப்படவில்லை. சிவப்பைச் சுற்றி ஒரு விரல்கடை தள்ளிப் பேனாவால் கோடு இழுத்தார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் யோசிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாண்டாவிட்டாலும் புண் ஆறும்வரை இந்தக் கால் தரையிலும் படக் கூடாது, பெடலிலும் படக் கூடாது என்றார்.

வண்டிக்குத் திரும்பி, காலைத் தலையணைமேல் ஏற்றி வைத்துவிட்டு, பெண்கள் இருவரும் எதிரே உட்கார்ந்து அந்தப் பேனாக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், "நான்தான் போட்டேன்." அவர் ம்ம் என்றார். வெளிச்சம் மங்கும் நேரம். கணுக்காலை நோக்கிய பக்கத்தில் சிவப்பு கோட்டைத் தொட்டிருந்தது. அவள் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

"தொட்டிருக்கு, அவ்வளவுதான். தாண்டலையே," என்றார் அவர். "விடியட்டும், பாத்துக்கலாம்."

"எழுந்திரிங்க."

"என்னம்மா நீ..."

"தாண்டினதுக்கப்புறம் போய் என்ன பண்றது? எழுந்திரிங்க."

நாத்தனார் அதற்குள் டாக்ஸிக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் அவர் கையில் ஊசி செருகி மருந்து ஏற்றினார்கள். மூன்று நாள் ஒருவருக்கும் சரியாகச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் சிவப்பு கோட்டை விட்டு உள்ளே இறங்கியது. காலை வெட்ட வேண்டியதில்லை என்றார்கள். வண்டியை ஓட்டிப்போக அதன் சொந்தக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள்.

அன்று காலையும் அவள் வழக்கம்போல் அவர் பாதத்தைத் திருப்பப் போனாள். நாத்தனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கட்டிலோரம் குனிந்திருந்தாள்.

"இடது கால நான் பாத்துட்டேன். குதிகால்ல ஒரு வெடிப்பு இருக்கு. நீயும் ஒரு தடவ பாரு."